கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகம்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

மார்கழி வந்தால் சென்னையில் கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுப் பாட்டியையும் ஒன்றாகக் கூட்டிப்போய், இருவரும் கடைசி வரை உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எது இருக்கிறது என்று கேட்டால், எங்கள் பதில் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகங்கள்தான். அதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். எந்த நாடகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதையை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போக வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் போனால் அரை மணி நேரத்தில் பிள்ளை கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிடும்.

இது சபா அரங்கம் இல்லை, ஒரு பள்ளியின் அரங்கம். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, அறுபதுகளில் திருவான்மியூர் வளாகத்துக்கு வந்தது. 1993ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. நடனக் கல்லூரியோடு பெசன்ட் அருண்டேல் மேல்நிலைப் பள்ளி போன்ற சாதாரணப் பள்ளிகளும் அதே அறக்கட்டளையின் கீழ் நடக்கின்றன. மேடையில் ஆடுகிறவர்கள் இங்கே படிக்கிறவர்கள், படித்து முடித்தவர்கள், சொல்லிக் கொடுக்கிறவர்கள். தனிநபர் நட்சத்திரத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். குழுவாக ஆடும்போது கிடைக்கிற ஒழுங்குக்கு ஈடு வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது. பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து ஒரே அளவு அரைமண்டியில் உட்கார்ந்து, ஒரே கோணத்தில் கையை நீட்டி, தாளத்தின் தொடக்கமான சமத்தில் ஒரே அடியாகக் காலை வைக்கிறார்கள். ஒரே ஆசிரியர்களிடம், ஒரே வகுப்பில், நாள் தவறாமல் முதல் பாடமான தட்டடவிலிருந்து பயிற்சி செய்தவர்களால்தான் இது முடியும். வெவ்வேறு ஊரிலிருந்து வந்து நான்கு ஒத்திகையில் சேர்ந்து ஆடும் குழுக்களில் இது வராது.

பெரிய அரங்கமான பரத கலாக்ஷேத்ரா 1985இல் திறக்கப்பட்டது. கேரளக் கோயில்களில் கூடியாட்டம் என்ற சமஸ்கிருத நாடகம் நடக்கும் கூத்தம்பலத்தின் பாணியில், அந்தக் கலையை ஆழமாக அறிந்த பொறியாளர் அப்புக்குட்டன் நாயரின் வடிவமைப்பு. கூத்தம்பலம் என்ற அமைப்பே கண்ணசைவையும் விரலசைவையும் பார்ப்பதற்காக உருவானது. ஆயிரக்கணக்கானோரை அடைக்கிற மாநாட்டு மண்டபத்தில் நாட்டியம் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு, முகத்தாலும் கையாலும் பாவம் காட்டுகிற அபிநயம் என்று இத்தனை நாள் கேள்விப்பட்டது என்ன என்பது முதல் பதினைந்து நிமிடத்தில் புரியும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு துணிப்பையில் குடும்பத்துச் செருப்பு எல்லாவற்றையும் போட்டு வைத்துவிட்டால், திரும்பும்போது இருட்டில் தேடுகிற வேலை மிச்சம். இதே வளாகத்தில் சிறிய ருக்மிணி அரங்கமும் இருக்கிறது. அழைப்பிதழில் எந்த அரங்கம் என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கே உட்காருவது? முதல் வரிசைக்கு முண்டியடிக்கத் தேவையில்லை. குழு நடனத்தின் அழகு கோலத்தில் இருக்கிறது: குறுக்குக் கோடு, வட்டம், இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேர்வது. மிக அருகில் உட்கார்ந்தால் கால்கள் மட்டும் தெரியும், கோலம் தெரியாது. நடுவில், கொஞ்சம் பின்னால் உட்காருங்கள். சிறு பிள்ளை இருந்தால் மட்டும் நடைபாதையை ஒட்டிய நாற்காலி. முன்னால் இருப்பவர் தலை மறைக்காது, அவசரமாக வெளியே போகவும் வசதி.

இனி எந்த நாடகம் என்பது. கலாக்ஷேத்ராவின் பெருமை வால்மீகி ராமாயணத்தை ஆறு நாடகங்களாக அமைத்தது. 1955இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி, ஸ்ரீராம வனகமனம், பாதுகா பட்டாபிஷேகம், சபரி மோக்ஷம், சூடாமணி பிரதானம் என்று வந்து 1970இல் மகா பட்டாபிஷேகத்தோடு முடித்தார் ருக்மிணி தேவி. இசையைத் தொடங்கியவர் மைசூர் வாசுதேவாச்சார். 1961இல் அவர் மறைந்த பிறகு பேரன் எஸ். ராஜாராம் நிறைவு செய்தார். ஒவ்வொன்றும் தனி மாலைக்கான நாடகம், சுமார் இரண்டு மணி நேரம். ஆறையும் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்பதில்லை. விழாவில் அந்த ஆண்டு எது வருகிறதோ அதைப் பார்க்கலாம், ஆனால் பிள்ளையின் வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை வருகிற பிள்ளைகளுக்கு சூடாமணி பிரதானத்தை விடச் சிறந்தது இல்லை. வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள், அனுமன் கடலைத் தாண்டுகிறான், ராமனின் கணையாழி சீதையிடம் போகிறது, அவளுடைய தலை அணியான சூடாமணி திரும்பி வருகிறது. நிகழ்ச்சிகள் அடுக்கடுக்காக வருவதால் பாடலின் சொல் புரியாவிட்டாலும் கண் தொடர்ந்து போகும். இந்த நாடகங்களின் வீரப் பாத்திரங்களில் கதகளியின் அசைவு கலந்திருக்கிறது. அகலமாகக் கால் விரித்து நிற்பது, பாதத்தின் வெளி ஓரத்தில் எடையைத் தாங்குவது, புருவமும் கன்னமும் தனித்தனியே துடிப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை. கதகளி ஆசான்களைக் கலாக்ஷேத்ராவில் தங்கவைத்துக் கற்பித்ததன் பலன் அது. சீதையின் நளினத்துக்குப் பக்கத்தில் ராவணன் வந்து நிற்கும்போது, இரண்டு உடல்மொழிகளுக்கும் உள்ள வேறுபாடே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

சபரி மோக்ஷம் அடுத்தபடி. மாயமானும் ஜடாயுவும் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மானாக வருகிறவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். துள்ளல் எல்லோர் கண்ணிலும் படும். துள்ளலுக்கு இடையே சட்டென்று நின்று, கழுத்தை மட்டும் திருப்பி, காது கொடுத்துக் கேட்கிற அந்த ஓரிரு நொடியில்தான் மேடையில் மான் தெரிகிறது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் சீதையைக் கவர்ந்துபோகும் இடத்தில் பயப்படக்கூடும். "இது விளையாட்டு, கடைசியில் திரும்பி வந்துவிடுவாள்" என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பாதுகா பட்டாபிஷேகம் பெரியவர்களுக்கானது. பரதனின் துயரம்தான் அதில் முழுக் கதையும். அசைவு குறைவு, நிதானம் அதிகம். தாத்தா பாட்டி கண் கலங்குவார்கள், மூன்றாம் வகுப்புப் பிள்ளை தூங்கிவிடும். அந்த மாலைக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போங்கள்.

ராமாயணம் சமஸ்கிருதத்தில் இருப்பது தடையாகத் தோன்றினால் குற்றாலக் குறவஞ்சி எப்போது வருகிறது என்று பார்த்துக் காத்திருங்கள். 1944இல் அமைக்கப்பட்டது, கலாக்ஷேத்ராவின் ஆரம்பகால நாட்டிய நாடகங்களில் ஒன்று. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்த பாடல்கள் மேடையில் வருவது தனி மகிழ்ச்சி. நாயகி வசந்தவல்லி பந்தாடும் இடத்தில் பந்து கிடையாது. கை தட்டுகிறது, கண் மேலே போகிறது, கீழே வருகிறது, பக்கத்தில் ஓடிய பந்தைத் துரத்துகிறது. கையைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். பந்து எவ்வளவு உயரம் போனது என்று பிள்ளையே சொல்லிவிடும். மிருதங்கத்தின் அடி பந்து தரையைத் தொடும் நொடியில் விழ வேண்டும். தாளத்தில் ஒரு மாத்திரை தவறினாலும் பந்து காணாமல் போய்விடும். குறி சொல்லும் குறத்தி சிங்கியும் அவள் கணவன் சிங்கனும் சந்திக்கிற இடம் முழுக்கச் சிரிப்பு. அவள் காலில் கிடப்பது விரியன் பாம்பா என்று அவன் பதறுவான். குறி சொல்லிச் சம்பாதித்த சிலம்பு என்பாள் அவள். இந்தக் கேள்வி பதிலை வீட்டில் ஒரு முறை படித்துக் காட்டிவிட்டுப் போனால் பிள்ளைகள் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார்கள். பாபநாசம் சிவன் இசையமைத்த கண்ணப்பர் குறவஞ்சியும் தமிழ்தான். நிரலில் கண்டால் விடாதீர்கள்.

வீட்டில் தயார் செய்வது அரை மணி நேர வேலை. கதையைப் பத்து நிமிடம் சொல்லுங்கள், முடிவையும் சேர்த்து. அடுத்து என்ன என்பதற்காக யாரும் நாட்டிய நாடகம் பார்ப்பதில்லை. தெரிந்த கதையை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதற்காகத்தான் பார்க்கிறார்கள். பிறகு நான்கு முத்திரைகள். கட்டை விரலை நிமிர்த்தி மூடிய கை சிகரம். வில்லைப் பிடித்த கை. நாணை இழுக்கும் கை கடகாமுகம். நடுவிரலும் மோதிர விரலும் கட்டை விரலைத் தொட, மற்ற இரண்டும் நிமிர்ந்தால் சிம்ஹமுகம். பெயர் சிங்க முகம் என்றாலும் மானின் முகத்தைக் காட்டுவதும் அதுதான். விரல்கள் எல்லாம் சுழன்று விரிந்தால் அலபத்மம், தாமரை, அழகு. இந்த நான்கு தெரிந்தால் போதும், பிள்ளை மேடையில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும். பத்துப் பதினைந்து முத்திரைகளைச் சொல்லிக் கொடுத்தால் குழம்பி, எதையும் கவனிக்காது.

விழா நாட்களில் மாலையில் முதலில் கச்சேரி, பிறகு நாட்டியம் என்று இரண்டு நிகழ்ச்சிகள் இருப்பது வழக்கம். பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். பிள்ளைகளை முதல் நிகழ்ச்சியிலேயே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, நாடகம் தொடங்கும்போது அவர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்று வருந்துவார்கள். கச்சேரி கேட்க விருப்பமுள்ள பெரியவர்கள் முன்னால் போகட்டும். பிள்ளைகளோடு ஒருவர் நாட்டியத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரட்டும். அதைவிடத் தாமதிக்காதீர்கள். அடையாறு, எல்.பி. சாலைப் பக்கம் மாலை நெரிசல் நம்பிக்கைக்கு உரியது அல்ல. வாசலிலிருந்து அரங்கத்துக்கு மரங்களுக்கு நடுவே நடக்கவும் வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்த நடைக்கும் நேரம் ஒதுக்குங்கள். முடிந்தால் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள். அந்த மரங்களைப் பகலில் பார்ப்பதே ஒரு சுகம்.

பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் திருவான்மியூர் நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நிலையம் ராஜீவ் காந்தி சாலையில் இருக்கிறது. கலாக்ஷேத்ரா கடற்கரைப் பக்கம். ஆட்டோ தேவைப்படும். மரமும் செடியும் நிறைந்த இடம், மழைக்காலம் முடிந்த கையோடு விழா. கொசு இருக்கத்தான் செய்யும். பிள்ளைகளுக்கு முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள், கொசுவிரட்டிக் களிம்பை வீட்டிலேயே தடவிவிடுங்கள். மயிலாப்பூர் சபா கேன்டீன் இலைச் சாப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிற இடம் இது இல்லை. ஐந்து மணிக்கே இட்லியோ தயிர்சாதமோ கொடுத்துக் கூட்டி வாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் வருகிற தின்பண்டம் அரங்கத்துக்குள் வேண்டவே வேண்டாம். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். படம் எடுப்பதும் ஒளிப்பதிவு செய்வதும் கூடாது. இருட்டில் ஒரு திரை ஒளிர்ந்தால் பின்னால் இருக்கிற இருபது பேருக்கு மேடை மங்கிவிடும்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. அபிநயத்துக்குப் பேர்பெற்ற நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் மரபை ரசித்தவர்களுக்கு இங்கே உள்ள அபிநயம் அடக்கி வாசிப்பதாகத் தோன்றும். காதல் பாவமான சிருங்காரத்தைக் குறைத்து பக்தியை முன்னிறுத்தியது ருக்மிணி தேவியின் தெரிந்தெடுத்த முடிவு. அதைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. முக்கியப் பாத்திரத்தை அன்று ஏற்பவரைப் பொறுத்து நாடகத்தின் தரமும் ஏறி இறங்கும். உடலின் கோடு சுத்தமாக இருந்து, முகத்தில் ஒன்றும் வராத ராமனும் உண்டு. குழு அப்படிக் கைவிடுவது அபூர்வம். ஆகவேதான் முதல் முறை வருகிறவர்களுக்குத் தனி நடன மாலையைவிட நாட்டிய நாடகத்தைச் சொல்கிறோம்.

ஆண்டு விழா டிசம்பர் கடைசியையும் ஜனவரித் தொடக்கத்தையும் ஒட்டி வரும். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அமைகிற மாலைகள் குடும்பத்தோடு வர மிகவும் வசதி, கூட்டமும் அப்போதுதான் அதிகம். ருக்மிணி தேவி பிறந்தது 1904 பிப்ரவரி 29. அவர் நினைவு நிகழ்ச்சிகள் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடக்கும். பொதுத் தேர்வு எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் அது தோதுப்படாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நெரிசல் குறைந்த அந்த நாட்களே நல்லது. நிரல், நேரம், அனுமதி இலவசமா கட்டணமா என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கலாக்ஷேத்ராவின் இணையதளத்தில் அறிவிப்பு வந்ததும் பார்த்துவிடுங்கள். பழைய ஆண்டின் நிரல் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும், தேதியோடு ஆண்டையும் சரிபாருங்கள்.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டோ தேடுவார்கள். செயலியில் பதிவு செய்யும்போது ஏறும் இடத்தை வளாகத்துக்குள் குறிக்காமல் வாசலில் குறியுங்கள். பாட்டியை முதலில் மெதுவாக நடக்கவிட்டு, வாசலை நெருங்கும்போது வண்டி கூப்பிட்டால் ஓட்டுநரும் காத்திருந்து சலிக்க மாட்டார்.