நாவலை எடிட்டிங்குக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய நாவல். இளையோருக்கான ஃபேன்டஸி. "வரி வரியாகப் படித்து மதிப்பீடு தருவோம், திருத்தியும் கொடுப்போம்" என்றது ஓர் எடிட்டிங் சேவை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள், கட்டினேன்.

நான்காம் நாளே பன்னிரண்டு பக்க அறிக்கை வந்தது. "டிராகன் காட்சிகள் பிரமாதம்" என்று பாராட்டு. என் கதையில் டிராகனே கிடையாது. மாயப் பள்ளி ஒன்று சேர்க்கலாம், முக்கோணக் காதல் வைக்கலாம் என்று யோசனைகள் வேறு. எந்த நாவலுக்கு அனுப்பினாலும் பொருந்தும் அறிக்கை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். திருத்திய பிரதியைத் திறந்தபோதுதான் வயிறு எரிந்தது.

என் கதையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வெறுங்கையால் விளக்கேற்றுவாள். ஏற்றும் ஒவ்வொரு முறையும் அவள் நினைவிலிருந்து ஒரு சொல் போய்விடும். முதலில் ஒரு பூவின் பெயர், பிறகு ஒரு கிழமையின் பெயர். ஏழாம் அத்தியாயத்தில், காய்ச்சலில் கிடக்கும் தம்பிக்காக இருட்டில் விளக்கேற்றுகிறாள். அப்போது போவது அவனுடைய பெயர். அதன்பின் கடைசிவரை அவனைத் "தம்பி" என்று மட்டும்தான் கூப்பிடுவாள். ஏன் என்று யாரிடமும் சொல்லமாட்டாள். ஒருநாள் அவனே கவனித்து, "அக்கா, என் பேரைச் சொல்லேன்" என்பான். அந்த வரிக்காகத்தான் நாவலையே எழுதினேன்.

அவர்கள் "தம்பி" வந்த இடத்திலெல்லாம் அவன் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஓரத்தில் குறிப்பு: "பெயர் சீராக இல்லை, சரிசெய்யப்பட்டது."

இந்த வகை நாவலுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. மந்திரத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதில். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' ஃபேன்டஸி வரிசையில் முதல் நாவல் 1968இல் வந்தது. அதிலும் மாயப் பள்ளி உண்டு. ஆனால் படித்து முடித்தபின் எனக்குள் நின்றது அந்தப் பள்ளி அல்ல. வீம்புக்காக ஒரு பையன் செய்யும் மந்திரத்தில் நிழலொன்று வெளியே பாய்கிறது. அவன் முகத்தில் தழும்பு விழுகிறது. திறந்த வழியை மூடப்போன முதிய தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இது நெஞ்சில் தைக்கும். விலையை அழித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வாணவேடிக்கை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அறிக்கை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்றார்கள். "ஏழாம் அத்தியாயத்தில் அவள் எதை இழக்கிறாள்?" என்று எழுதிக் கேட்டேன். "தன்னம்பிக்கையை" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு என் அஞ்சல் எதற்கும் பதில் இல்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், முதலில் நாலைந்து பக்கம் மாதிரிக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். படித்தவருக்கு மட்டுமே விடை தெரியும் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு அடுத்த தவணையைக் கொடுங்கள். மாற்றிய இடமெல்லாம் கண்ணில் படும்படி ட்ராக் சேஞ்சஸ் போட்டுத்தான் பிரதி வரவேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். மூலப் பிரதியைத் தனியாக வைத்திருங்கள். நான் வைத்திருந்தேன், அதனால்தான் அந்தத் "தம்பி" தப்பினான்.