முடங்கும் உலாவி: துடைத்துவிடுவதா, துருவிப் பார்ப்பதா?

சிங்கப்பூரின் யீஷூனில் வீட்டிலேயே துணைப்பாடம் நடத்தும் என் அக்கா, தமிழ்ப் பயிற்சித்தாள்களை உலாவியில் திறக்கும் ஆவணத்திலேயே தட்டச்சு செய்வது வழக்கம். சென்ற மாதம் ஒரு மாலை, 'வாழைப்பழம்' என்று அடிக்கத் தொடங்கி 'வா'வைத் தாண்டுமுன் ஃபயர்ஃபாக்ஸின் அந்தத் தாவல் வெளிறி, பக்கம் முடங்கிவிட்டதாக ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது. "தம்பி, இன்னிக்கு மட்டும் மூணாவது தடவை. அழிச்சிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தேன், அப்பவும் இதே கதைதான்" என்று தொலைபேசியில் சொன்னார்.

அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் பெரும்பாலோர் முதலில் கையிலெடுக்கும் வழி. இருப்பவற்றுள் பயன் மிகக் குறைந்ததும் அதுவே. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸை நீக்கினாலும், நீட்சிகளும் (உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு கூடுதல் நிரல்கள்) அமைப்புகளும் அடங்கிய பயனர் கோப்புறை வழக்கமாக அப்படியே கணினியில் தங்கிவிடுகிறது. குரோமை நீக்கும்போது, உலாவல் தரவையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தை நாம் கவனிப்பதில்லை. அதையும் அழித்தாலும், கணக்கில் நுழைந்த மறுநிமிடமே ஒத்திசைவு பழைய நீட்சிகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

முடங்கும் விதத்தைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. எல்லாவற்றையும் 'பிளகின்' என்றே சொல்லும் பழக்கம் நம்மிடம் இருந்தாலும், உலாவிக்குள் தனி நிரலாக ஓடிய அந்தப் பழைய செருகுநிரல்களின் காலம் முடிந்துவிட்டது. குரோம் 2015இல் அவற்றைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017இல் ஃபிளாஷ் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நிறுத்தியது. ஃபிளாஷுக்கான ஆதரவும் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. இன்றைய நீட்சிகள் உலாவி வகுத்த எல்லைக்குள் இயங்குவதால், பெரும்பாலும் ஒரு தாவலோ அந்த நீட்சியோதான் சாகும். சாளரம் முழுவதுமே மூடிக்கொண்டால், நீட்சிகளைவிட முதலில் சந்தேகிக்க வேண்டியவை நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் உலாவிக்குள் நுழைக்கும் கூறுகளும், திரைக்காட்சியைக் கையாளும் நிரலான வரைகலை இயக்கியும்தான். அக்காவுக்குத் தாவல் மட்டுமே போனதால் நான் நீட்சிகள் பக்கம் திரும்பினேன்.

சோதிப்பதற்கு ஃபயர்ஃபாக்ஸில் பிரச்சினை தீர்க்கும் முறை இருக்கிறது: ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி உலாவியைத் திறந்தால் நீட்சிகள் எல்லாம் அணைந்திருக்கும். ஆனால் அம்முறை, காட்சி வேலையை வரைகலைச் சில்லிடம் ஒப்படைக்கும் வன்பொருள் முடுக்கத்தையும் சேர்த்தே அணைத்துவிடுவதால், அதில் முடக்கம் நின்றது என்பதை மட்டும் வைத்து நீட்சியைக் குற்றவாளியாக்கிவிட முடியாது. குரோமில் மறைநிலைச் சாளரம் ஏறத்தாழ அதே சோதனைக்கு உதவுகிறது; நாமே அனுமதித்த நீட்சிகள் தவிர மற்றவை அங்கே ஓடுவதில்லை, வன்பொருள் முடுக்கம் மாறுவதுமில்லை. இந்த ஒரு விஷயத்தில் குரோமின் சோதனையே சுத்தமானது.

அடுத்துப் போட்டியில் நிற்பவை இரண்டு: ஃபயர்ஃபாக்ஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் புதுப்பிப்புப் பொத்தான் ஒன்று, நீட்சிகளைப் பாதி பாதியாக அணைத்துத் தேடுவது மற்றொன்று. பொத்தானை அழுத்தினால் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், வரலாறு ஆகியவை தங்கும், நீட்சிகள் அனைத்தும் போகும், பழைய தரவு ஒரு கோப்புறையாக முகப்புத் திரைக்கு வந்துவிடும். சில நிமிட வேலைதான். குரோமின் மீட்டமைப்போ நீட்சிகளை நீக்காமல் அணைத்துவைக்கிறது, ஆனால் குக்கீகளை அழிப்பதால் ஒவ்வொரு தளத்திலும் மறுபடி நுழைய வேண்டும். இரண்டுமே அமைதியைத் தரும், காரணத்தைச் சொல்லா. அக்கா இரண்டே நாளில் தேவையான நீட்சிகளை எல்லாம் திரும்பப் போட்டுக்கொள்வார், அப்புறம் மீண்டும் எனக்கு அழைப்பு வரும்.

ஆகவே தேநீரோடு உட்கார்ந்து பாதி பாதியாக அணைத்தோம். நீட்சிகள் 12, குற்றவாளி ஒன்றே என்றால் நான்கு சுற்றுக்குள் அகப்பட்டுவிடும். முதல் ஆறை மட்டும் விட்டுவைத்து 'வாழைப்பழம்' என்று பத்து முறை அடித்தோம், முடங்கவில்லை. மற்ற ஆறையும் அவ்வாறே சோதித்தோம், அப்போதும் முடங்கவில்லை. அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டு பாதிகளும் தனித்தனியே சாதுவாக இருந்தால், ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒன்றாக இரண்டு நீட்சிகள் மோதுகின்றன என்று பொருள். ஒரு பாதியை முழுவதும் இயங்கவிட்டு, மறுபாதியைக் கூறுகூறாகச் சேர்த்துப் பார்த்தபோது ஆங்கில இலக்கணம் திருத்தும் நீட்சி ஒன்று சிக்கியது. அதன் இணை, தமிழ்த் தட்டச்சு நீட்சி. எழுதும் பெட்டியில் விழும் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டும் ஒரே நேரத்தில் மாற்ற முனைந்திருக்கின்றன. எட்டுச் சுற்றுகள் ஆயின, ஒரு மணி நேரம் போயிற்று. ஆனால் மற்ற பத்து நீட்சிகளை நீக்கவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டுமே முடங்கும் உலாவிக்கு இந்த முறை ஒத்துவராது, ஏனெனில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நாள் காத்திருக்க நேரும். அப்போது ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபவுட்:கிராஷஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, அனுப்பப்பட்ட முடக்க அறிக்கைகளைத் திறந்து பார்ப்பதே நல்லது. குரோமிலும் அதுபோன்ற பக்கம் உண்டு. ஆனால் அங்கே நமக்குக் கிடைப்பது அறிக்கையின் எண்ணும் நேரமும்தான்.

புதிய பயனர் கணக்கு ஒன்றை உலாவிக்குள் தொடங்குவது அவசரத்துக்கு ஏற்ற வழி. வருமான வரியை மின்தாக்கல் செய்ய வேண்டிய ஏப்ரல் 18 நெருங்கும் இரவில் யாரும் பாதி பாதியாக அணைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நீட்சியே இல்லாத புதிய கணக்கிலிருந்து, அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் மூலம் வரித் தளத்தில் நுழைந்து வேலையை முடித்துவிட்டு, பழையதைப் பிறகு பார்க்கலாம். பிள்ளைகளின் பள்ளிச் சாதனத்தில் பள்ளி கட்டாயமாக நிறுவிய நீட்சியை நாம் அணைக்க முடியாது. பள்ளியின் தொழில்நுட்ப உதவியாளரிடம் கொடுப்பதே வழி.

மோதிய இரண்டு நீட்சிகளில் எதை விடுவது என்பதை அக்காவே தீர்மானித்தார். விண்டோஸ் 10இல் 2019 முதலே ஒலிப்புமுறைத் தமிழ் விசைப்பலகை உள்ளமைந்தே வருவதால், தட்டச்சு நீட்சி தேவையற்றுப் போனது. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி மொழி மாற்றுவது அவருக்கு முதல் வாரம் கைவரவில்லை; ஆங்கிலப் பயிற்சித்தாளின் நடுவே ஒரு 'ழ' வந்து உட்கார்ந்திருந்ததை மாணவி ஒருத்தி சுட்டிக்காட்டினாளாம்.