களப்பணியாளரைக் காப்பது எப்படி: தொலைபேசியா, சுழற்சி அணியா, உள்ளூர் ஆளா?

2020 மார்ச் 22 அன்று கொரோனா பரவலால் முடக்கம் பரிந்துரைக்கப்பட்ட 75 மாவட்டங்களின் பட்டியலில் சென்னை, காஞ்சிபுரத்துடன் ஈரோடும் இருந்தது. 25ஆம் தேதி நாடே முடங்கியது. அந்த மூன்று நாள் இடைவெளியில் ஒரு தொண்டு நிறுவனம் தன் களப்பணியாளர்களையும் காத்து வேலையையும் நிறுத்தாமல் நடத்தும் முறையை நிதானமாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அடுத்த கொள்ளைநோய்க்கு முன் அதைச் செய்ய நேரம் இருக்கிறது. எல்லாரும் வீட்டிலிருந்து தொலைபேசியில் வேலை பார்ப்பது, ஆட்களை இரண்டு அணிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி அனுப்புவது, அந்தந்த ஊரில் வசிக்கும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது என்று மூன்று வழிகள் உள்ளன. எத்தனை பேரை எட்டினோம் என்பதைவிட, தொற்றும் ஆபத்தை முடிவில் யார் சுமக்கிறார் என்பதைக் கொண்டே இவற்றை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

தொலைபேசி வழியில் ஆபத்து மிகக் குறைவு. 2020 மே 1 முதல் புலம்பெயர் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. திருப்பூர் பனியன் கம்பெனிகளை நம்பி வந்து ஓர் அறைக்குப் பல பேராகத் தங்கியிருந்தவர்களின் பெயர், ஆதார் எண், இறங்க வேண்டிய ஊர் ஆகியவற்றைச் சேகரிப்பது போன்ற வேலைக்கு, இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவர் வீட்டிலிருந்து போன் செய்தாலே போதும். அதற்காக நெரிசலான லைன் வீடுகளுக்குள் நுழைவது வீண் துணிச்சல். ஆனால் நூற்பாலை விடுதிப் பெண்ணின் அருகில் வார்டன் நிற்கும்போதும், கணவன் அடிப்பதைச் சொல்ல வேண்டியவள் அந்தக் கணவனின் போனிலேயே பேச நேரும்போதும் இந்த வழி பயன்படாது. சிக்னல் கிடைக்காத தாளவாடி, பர்கூர் மலைக் குடியிருப்புகளைப் பொறுத்தவரை இதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

சுழற்சி அணி என்பது ஷிப்ட் முறையில் ஊறிய கொங்குப் பகுதிக்கு எளிதில் விளங்கக்கூடியது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யூரி அலோன் குழுவினர் 2020இல் முன்வைத்த 'நான்கு நாள் வேலை, பத்து நாள் வீடு' என்ற கணக்கு இதற்குப் பொருத்தமானது. கிருமி தொற்றிய ஒருவர் அதைப் பிறருக்குப் பரப்பத் தொடங்குவதற்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் என்பதால், வேலை நாட்களில் தொற்றுக்கு ஆளானவர் பரப்பும் நிலையை எட்டும்போது பெரும்பாலும் வீட்டில் இருப்பார். ஓர் அணி இந்த வாரம் திங்கள் முதல் வியாழன் வரையும் மற்றது அடுத்த வாரம் அதே நாட்களிலும் போனால், அலுவலகம் எந்த வாரமும் பூட்டிக் கிடக்காது. ஓர் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும் மற்ற அணி தனிமைப்பட வேண்டியதில்லை. இரண்டு அணிகளும் நேரில் சந்திக்கவே கூடாது என்ற நிபந்தனையில்தான் இந்த முறையின் பலன் முழுதும் தங்கியிருக்கிறது. சாவி கைமாற்றவும் பதிவேடு ஒப்படைக்கவும் சந்தித்து, கூடவே ஒரு டீயும் குடித்துவிட்டுப் போவார்களானால் அவர்களை ஒரே அணி என்றுதான் கொள்ள வேண்டும்.

இதன் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. டெல்டா, ஒமைக்ரான் வகைகளில் நோய் அரும்பும் காலம் சுருங்கியதால் நான்கு நாள் கணக்கு தளர்ந்தது. வீட்டில் முதியவர்களோடு வாழ்பவருக்குப் பத்து நாள் ஓய்வு என்பது அவர்களுக்கு ஆபத்தைக் கொண்டுபோகும் பத்து நாளாகவும் ஆகலாம். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவது வண்டி. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் குளிருக்கு அஞ்சிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரே ஜீப்பில் ஏழு பேராகக் கடப்பவர்கள், போய்ச் சேர்ந்த ஊரில் ஆறடி தள்ளி நின்று அரிசி கொடுப்பதில் பொருளே இல்லை. கண்ணாடியை இறக்கி, ஆட்களைப் பாதியாக்கி, எல்லாரும் என்95 அணிந்து செல்ல வேண்டும். துணி முகக்கவசம் இங்கே போதாது.

மூன்றாவது வழியைத்தான் நன்கொடையாளர்கள் மிக எளிதாகப் பாராட்டிவிடுகிறார்கள். 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் நன்கொடை நாடுகளும் நிவாரண அமைப்புகளும் செய்துகொண்ட 'பெரும் உடன்பாடு' (Grand Bargain) நிவாரண நிதியில் 25 விழுக்காட்டையாவது உள்ளூர் அமைப்புகளிடம், இயன்றவரை நேரடியாகச் சேர்ப்பதை இலக்காகக் கொண்டது. கொள்ளைநோய்க் காலத்தில் பணத்தை விட்டுவிட்டு வேலையை மட்டும் உள்ளூர்மயமாக்குவது சுலபம். ஆனைகட்டிப் பக்கத்துப் பதியில் (பழங்குடிக் குடியிருப்பில்) வாழும் இருளர் பெண்ணுக்கு யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது கோவை அலுவலகத்தைவிட நன்றாகத் தெரியும். 2020 ஆகஸ்ட் இறுதிவரை மாவட்டம் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்ட நிலையில் அவரை விட்டால் வேறு ஆளும் இல்லை. ஆனால் ஊக்கத்தொகை மட்டும் பெறும் தன்னார்வலர் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டு வரம்புக்குள் வருவதில்லை. மத்திய அரசு 2020இல் அறிவித்த 50 லட்ச ரூபாய்க் காப்பீடு, கொரோனா நோயாளிகளைக் கவனித்த சுகாதாரப் பணியாளர்களுக்கானது. அரிசி மூட்டை சுமப்பவருக்கானதன்று. 2021 பிப்ரவரியில் முன்களப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோதும் அந்தப் பட்டியலில் காவல், உள்ளாட்சி, வருவாய்த் துறையினர் இருந்தார்களே தவிர, தொண்டு நிறுவனத்தார் தனி வகையாகச் சொல்லப்படவில்லை. அலுவலகத்தார் வீட்டில் பத்திரமாக இருக்க, காப்பீடும் கவசமும் இல்லாத ஒருத்தி வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று அறிக்கையில் எழுத எனக்குக் கூசும்.

ஆகவே சுழற்சி அணியை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியல், குறை கேட்டல், கணக்கு ஆகியவற்றைத் தொலைபேசிக்குத் தள்ளிவிடுவதே சரியென்று படுகிறது. உள்ளூர் ஆளை மாதச் சம்பளத்துக்கு எடுத்து, அணியினருக்குள்ள அதே காப்பீட்டையும் கவசத்தையும் கொடுத்தால் மட்டுமே மூன்றாவது வழியைச் சேர்க்கலாம். 2020 ஜூலையில் வந்த 'கொரோனா கவச்' போன்ற குறுகிய காலப் பாலிசி 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை கிடைத்தது; சிறிய நிறுவனமும் அதைத் திட்டச் செலவில் எழுதியிருக்க முடியும்.

2021 மே கடைசி வாரத்தில் கோவையின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. அத்தகைய வாரங்களில் அணிகளையும் சுருக்கத்தான் வேண்டும். கணக்கெடுப்பு, பயிற்சி, கூட்டம், நன்கொடையாளருக்கான புகைப்படம் ஆகியவை முதலில் நிற்க வேண்டும். காசநோய் மாத்திரையும் மலைக் குடியிருப்புக்கான அரிசியும் நிற்கக் கூடாது. இந்த வரிசையை அலை வருவதற்கு முன்பே, களத்துக்குப் போகிறவர்களையும் உட்காரவைத்து எழுதிவிட வேண்டும். உடல்நிலையாலோ வீட்டு நிலையாலோ போக இயலாது என்று சொல்பவரின் சம்பளம் பிடிக்கப்படாது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.