பழுதில்லாத வன்தட்டுக்கு 27,500 ரூபாய்

மட்டக்களப்பு நகரில் கணினி திருத்தக் கொடுக்கப்போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு ஒன்று கொடுத்திருக்கிறேன்; அது ஒரு முடிவுக்கு வருமுன் பெயரைப் போட்டு எழுதினால், நியாயம் என் பக்கம் இருந்தும் வழக்கு என் மேல் வந்துவிடும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனங்களும் உள்ளே இருக்கின்றன.

எனக்குக் களுவாஞ்சிகுடியில் ஒரு சின்னக் கடை. தட்டச்சு, போட்டோக்கொப்பி, ஸ்கேன், லமினேட். மூலையில் விண்டோஸ் 7 போட்ட கிழட்டு மேசைக் கணினி ஒன்று, ஸ்கேன் செய்வதற்கென்றே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்கேன் செய்வதெல்லாம் அதில் ஒரு கோப்புறையில் போய் விழும். நான் இருந்து வேலை செய்வது மடிக்கணினியில். மேசைக் கணினியின் அந்தக் கோப்புறை மடிக்கணினியிலும் ‘இஸட்’ என்ற பெயரில் தெரியும்படி, அண்ணனின் மகன் வைஃபை வழியாக இணைத்துத் தந்திருந்தான். கடவுச்சொல் எதுவும் வைக்கவில்லை. பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு எழுந்து எழுந்து ஓடும் வேலை அதோடு நின்றது.

அன்று கையில் இருந்தது ஒரு 31ஆம் நாள் நினைவு மலர். மண்டூரிலிருந்து படகுப் பாதையில் வாவியைக் கடந்து வந்த ஒரு பிள்ளை, தாயின் புகைப்படத்தையும் கொப்பித் தாளில் எழுதிய குடும்ப வரலாற்றையும் தந்துவிட்டுப் போயிருந்தார். 24 பக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். திங்கள் இரவு 18ஆம் பக்கத்தில் நிறுத்திக் கணினியை மூடும்போது, அப்டேட் செய்துவிட்டு நிறுத்தவா என்று கேட்டது. செய் என்றேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

செவ்வாய் காலை மஞ்சள் கோப்புறைப் படத்தை அழுத்தினேன். வெள்ளையாக ஒரு சாளரம் திறந்தது, நீல வட்டம் சுற்றியது. தேநீர் குடித்துவிட்டு வந்தேன், இன்னும் சுற்றியது. மறுபடி அழுத்தினேன், பதிலளிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் தலைப்பில் விழுந்தது. பிறகு கீழே இருக்கும் பட்டையும் திரையில் இருந்த படங்களும் முழுதாக மறைந்து, ஒரு நொடியில் திரும்ப வந்தன. அந்த ஒரு நொடிதான் என்னைக் கலங்கடித்தது.

இப்போது தெரியும். கோப்புகளைக் காட்டும் ஃபைல் எக்ஸ்புளோரரும் கீழ்ப்பட்டையும் முகப்புத் திரையும் ஒரே நிரலின் அங்கங்கள். அது விழுந்து எழும்பினால் எல்லாம் சேர்ந்தே மறைந்து தோன்றும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்புளோரர்’ என்ற வரியைப் பிடித்து ரீஸ்டார்ட் கொடுத்தால், திறந்திருக்கும் வேறு வேலைகளுக்கு ஒன்றும் ஆகாமல் அது மட்டும் புதிதாகத் தொடங்கும். அன்று இது தெரியாது. வேர்ட் வேலை செய்தது. அதைத் திறந்து, அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலில் நினைவு மலரைத் தொட்டிருந்தால்கூடத் திறந்திருக்கும். அதையும் செய்யவில்லை. பயம் வந்தால் படித்தது மறக்கும் என்பார்கள். எனக்குப் படித்ததே கொஞ்சம்.

இஸட்டை இணைத்துத் தந்த அண்ணனின் மகன், என் மருமகன், வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். பரீட்சை நேரம், தொந்தரவு செய்யக்கூடாது என்று அழைக்கவில்லை. புதன் காலை பஸ் ஏறி நகருக்குப் போனேன்.

கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உள்ள கடை. முன்மேசையில் இருந்த இளைஞன் கோப்புறைப் படத்தை இரண்டு தரம் அழுத்தினான். பிறகு குனிந்து, மடிக்கணினியின் மேல் காதை வைத்துக் கேட்டான். நாடி பிடிக்கும் பரியாரியார்கூட அவ்வளவு உருக்கமாக முகத்தை வைத்திருக்கமாட்டார்.

“அன்டி, ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தால் ஒன்றுமே எடுக்க முடியாது” என்றான்.

மூன்று நிமிடம் இருக்காது. எந்தச் சோதனையும் ஓட்டவில்லை. ஒரு முகவரி அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தந்தான்: புதிய எஸ்எஸ்டி (வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான வட்டு) 14,000, விண்டோஸ் 3,500, தரவு மீட்பு 7,500, வைரஸ் பாதுகாப்பு 2,500. மொத்தம் 27,500. எனக்கு மண்டூர்ப் பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. தலையாட்டினேன். கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மூடியில் ஒட்டச் சொன்னான். அதையும் ஒட்டிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை போய் எடுத்தேன். வேகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முன்பு திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். இப்போது கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகுமுன் திறந்தது. அந்த வேகம்தான் என் வாயை அடைத்தது. பற்றுச்சீட்டுக் கேட்டேன். பில் போடும் கணினி வேலை செய்யவில்லை, வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்றார்கள். பழைய வன்தட்டைக் கேட்டேன். “அது செத்துவிட்டது அன்டி, வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்தேன். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் அதிகம் சுடுகிறது.

என் கடைக்கு வந்து நினைவு மலரைத் திறந்தேன். ‘அம்மா’ என்று தட்டியிருந்த இடமெல்லாம் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 18 பக்கமும் அப்படியே. பாமினி எழுத்துரு போய்விட்டது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. (நான் பாமினியில் தட்டுகிறவள். அதில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறுங்கள் என்று சொல்லிச் சொல்லி மருமகனுக்கு வாய் வலித்துவிட்டது. அச்சகம் பாமினி கேட்கிறது, நான் என்ன செய்ய?) எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் அம்மா அம்மாவானாள். இரவிரவாக இருந்து முடித்து, சனிக்கிழமை அச்சகத்துக்கு அனுப்பினேன். அது தப்பியது முகப்புத் திரையில் வைத்திருந்ததால்.

பழைய வன்தட்டின் இன்னொரு பகுதியான ‘டி’ டிரைவில் இருந்த எதுவும் வரவில்லை. முகப்புத் திரையும் டொகியூமெண்ட்ஸ் கோப்புறையும் மட்டும் வந்திருந்தன. ஒரு டெராபைட், அதாவது ஏறக்குறைய 1,000 ஜிகாபைட், வன்தட்டில் இருந்ததை 240 ஜிகாபைட் எஸ்எஸ்டிக்குள் எப்படிக் கொண்டுவருவார்கள் என்று அப்போதே நான் கேட்டிருக்கவேண்டும். அழைத்துக் கேட்டபோது, மிச்சம் எல்லாம் பழுதாகிவிட்டது, மீட்க முடியவில்லை என்றார்கள். மீட்காததற்கும் 7,500.

அடுத்த செவ்வாய் அப்டேட் திரும்ப வந்தது. புதிய வட்டு, புதிய விண்டோஸ், அதே வெள்ளைச் சாளரம், அதே நீல வட்டம். கடைக்கு அழைத்தேன். “அப்படியென்றால் மதர்போட் அன்டி, கொண்டுவாருங்கள்” என்றான். அப்போதுதான் புத்தி வந்தது. மருமகனை அழைத்தேன்.

சனிக்கிழமை வந்தான். ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வைஃபையை நிறுத்தினான். எக்ஸ்புளோரர் உடனே திறந்தது. வைஃபையைப் போட்டான், தொங்கிக்கொண்டது. மறுபடி நிறுத்தினான், திறந்தது.

“மாமி, இந்த இஸட்டைக் கடையில் இருந்து வந்த பிறகு நீங்கள்தானே திரும்ப இணைத்தீர்கள்?”

நான்தான். அவன் முன்பு எழுதித் தந்திருந்த தாளைப் பார்த்து இணைத்தேன், மூன்று நாள் நன்றாக வேலை செய்தது. கடை போட்டுத் தந்தது விண்டோஸ் 11இன் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, 23எச்2. இரண்டு தடவையும் அப்டேட் கொண்டுவந்தது அதற்கு அடுத்த 24எச்2. அந்தப் பதிப்பிலிருந்து, என்னிடம் இருப்பது போன்ற புரோ வகை விண்டோஸ், கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக இன்னொரு கணினியின் கோப்புறைக்குள் நுழைவதைத் தானாகவே மறுத்துவிடுகிறது. இடையில் யாரும் புகுந்து எதையும் மாற்றவில்லை என்பதற்குக் கணினிகள் கையொப்பமிட்டுத்தான் பேசவேண்டும் என்பது அதன் விதி. பெயரில்லாத விருந்தினரால் கையொப்பமிட முடியாது. பாதுகாப்புக்காகச் செய்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் என் எக்ஸ்புளோரர் திறக்கும் ஒவ்வொரு தரமும் இஸட்டின் கதவைத் தட்டிவிட்டு, பதில் வரும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறது. வைஃபை இல்லையென்றால் தட்டப் போவதற்கே வழியில்லை, ஆகவே சும்மா திறந்தது.

மருமகன் மேசைக் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உண்டாக்கினான். மடிக்கணினியில் பழைய இஸட்டை நீக்கிவிட்டு, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துப் புதிதாக இணைத்தான். 20 நிமிடம். எனக்கான செலவு பிட்டும் மீன்குழம்பும்.

எல்லாருக்கும் காரணம் இதுவாகவே இருக்காது என்றும் சொன்னான். சிலருக்கு அண்மையில் திறந்த கோப்புகளின் வரலாறு குழம்பியிருக்கும். கோப்புறைத் தெரிவுகளில் அதை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. சிலருக்கு, வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொண்ட ஏதாவது பழைய நிரல் புதிய பதிப்போடு ஒத்துப்போகாது. ஒன்றும் சரிவராவிட்டால், பெரிய அப்டேட் வந்து 10 நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸின் அமைப்புகளிலேயே வழி உண்டு. வட்டு உண்மையில் சாகிறதா என்று பார்க்கக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் போதும், காதை வைத்துக் கேட்கத் தேவையில்லை என்றான். சொன்ன கையோடு அதை ஓட்டிக் காட்டினான்.

‘புதிய’ எஸ்எஸ்டி ஏற்கெனவே ஓடியிருந்த நேரம் 16,204 மணித்தியாலம். கால்குலேட்டரை எடுத்து 24ஆல் வகுத்தேன். 675 நாள், இரவு பகல் நிற்காமல். ஆரோக்கியம் 71 வீதம். எனக்கு வருமுன் எந்தக் கடையின் காசு மேசையில் உழைத்ததோ தெரியாது. வைரஸ் பாதுகாப்பு என்று 2,500 வாங்கியது, 30 நாள் இலவசமாகப் பார்க்கத் தரும் பதிப்பு. விண்டோஸின் உரிமத் திறவுகோல் என் மடிக்கணினியின் மதர்போட்டுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. திரும்ப நிறுவினால் இணையத்தோடு சேர்ந்ததும் அது தானாகவே உரிமம் பெற்றுக்கொள்ளும். 3,500 எதற்கு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பணம் போனதாக எண்ணி விட்டிருப்பேன். என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது பழைய வன்தட்டு. அதில் இருந்தவை என்னுடைய பொருள்களா? ஊராரின் காணி உறுதிகள், அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு பெண் விவாகரத்துக்காகத் தட்டச்சுச் செய்வித்த மனு. நம்பித் தந்தவர்களின் பொருள், எவன் கையில் இருக்கிறது என்று தெரியாது.

திங்கட்கிழமை மருமகனோடு அந்தக் கடைக்குப் போனேன். வன்தட்டைக் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று என்றான் முன்மேசை இளைஞன். நான் அசையாமல் நின்றேன். மேசைக்கு வந்த வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும், “தம்பி, பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள், இவர்கள் தரமாட்டார்கள்” என்றேன். நாலாவது ஆளிடம் சொன்னதும் முதலாளி உள்ளேயிருந்து வந்தார். “அக்கா, உள்ளே வந்து இருங்கள், பேசலாம்.” இருக்கவில்லை. ஒரு வன்தட்டைக் கொண்டுவந்து தந்தார்கள். லேபலில் 500 ஜிகாபைட் என்று இருந்தது. என்னுடையது ஒரு டெராபைட் என்று திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இழுத்தான். அதற்குள் ஏழெட்டு வன்தட்டுகள், ஒழுங்காக நிமிர்த்தி அடுக்கி. செத்தவற்றை யார் அப்படி அடுக்கிவைப்பார்கள்? மூன்றாவதில், வேலைக்கு எடுத்தபோது அவர்களே ஒட்டிய ஸ்டிக்கரில் என் பெயரும் தொலைபேசி இலக்கமும்.

பற்றுச்சீட்டும் கேட்டு வாங்கினேன். ‘திருத்த வேலை 27,500’ என்று ஒரே வரி. எஸ்எஸ்டியின் தொடரிலக்கத்தையும் எழுதுங்கள் என்றபோது முதலாளி பேனாவை மூடிவிட்டு, 10,000 ரூபாயைத் திருப்பித் தருகிறேன், இதைப் பெரிதாக்காதீர்கள் என்றார். வாங்கவில்லை.

வீட்டில், வன்தட்டை வெளியிலிருந்தே கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டுப் பார்த்தோம். வன்தட்டு நலம். ‘டி’ முழுதாக இருந்தது, ஒரு கோப்பும் குறையவில்லை. ஆனால் 12 நாள் அவர்கள் கையில் இருந்திருக்கிறது. யாராவது பிரதி எடுத்தார்களா என்று அறிய எனக்கு வழியில்லை. முக்கியமான ஆவணம் தந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்ல நாக்கு எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கணக்கு எழுதிய அட்டை, ஒரு வரிப் பற்றுச்சீட்டு, 16,204 மணித்தியாலம் தெரியும் திரையின் படம், மூன்றையும் இணைத்தேன்.

அண்மையில் மட்டக்களப்பு நகரில் வன்தட்டு மாற்றியவர்கள், பழையது உங்கள் கைக்கு வரவில்லையென்றால் போய்க் கேளுங்கள். அந்தப் பெட்டியில் என்னுடையதற்குப் பக்கத்தில் இருந்த ஸ்டிக்கர்களில் ஒன்றில் ஏறாவூர் என்றும் ஒன்றில் செங்கலடி என்றும் எழுதியிருந்தது.