க்யூசிஎம் சென்சார்: வெந்து நொந்தவனோட ரிவ்யூ

க்யூசிஎம்னா துடிக்கற குவார்ட்ஸ் கிறிஸ்டல வச்சு மேல படியற துளி அழுக்கையும் எடை போடற தராசு. கிறிஸ்டல் மாத்தி சென்சார திரும்ப வேக்யூம் சேம்பருக்குள்ள ஏத்தியாச்சு. ஹைட்ரசீன் த்ரஸ்டர் (சாட்டிலைட்ட நகர்த்தற குட்டி ராக்கெட் இன்ஜின்) டெஸ்ட் பண்ணப் போற ஃப்ரெண்டு ஒருத்தன் "மச்சான், க்யூசிஎம் வாங்கலாமா"ன்னு கேட்டான், அதான் எழுதறேன். ஸ்பெக் டேட்டாஷீட்லயே இருக்கு, 15 மெகாஹெர்ட்ஸ் மாடல்ல கிறிஸ்டல் துடிப்பு 1 ஹெர்ட்ஸ் மாறினா சதுர செ.மீ.க்கு சுமார் 2 நானோகிராம் படிஞ்சிருக்குன்னு அர்த்தம், அதுல குறையே சொல்ல முடியாது.

என் வயித்தெரிச்சல் எல்லாம் சூடுதான். உள்ள ரெண்டு கிறிஸ்டல், ஒண்ணு வெளிய பாக்கும், இன்னொண்ணு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், ரெண்டோட வித்தியாசத்ததான் அளக்கறோம், ரெண்டும் ஒரே டெம்பரேச்சர்ல இருந்தாதானே அந்தக் கழித்தல் கணக்கு சரியா வரும்? த்ரஸ்டர ஃபயர் பண்ணதும் நாசில் (புகை வெளிய வர்ற வாய்) சூடு வெளிய இருக்கறத மட்டும் போட்டுத் தாக்கும், ஒரு துளி அழுக்கு படியாமயே கிராஃப் எகிறும், அணைச்சப்புறம் மெதுவா இறங்கும், அது இறங்கி முடிச்சு மிச்சம் என்ன நிக்குதோ அதுதான் நிஜ டெபாசிட். அதுக்குள்ள யாராவது ஸ்க்ரீனப் பாத்துட்டு "இவ்ளோ படியுதா"ன்னு பதறுவாங்க, ஒவ்வொரு தடவையும் விளக்கணும். ஆர்பிட்லயும் நிழல்லேருந்து வெயிலுக்கு வந்தா இதே தலைவலிதான்.

நான் சென்சார் வச்சிருக்கறது நாசிலுக்குப் பின்பக்கம். வேக்யூம்ல புகை நேரா மட்டும் போகாது, நாசில் சுவர ஒட்டி மெதுவா வர்ற கேஸ் விளிம்புல 90 டிகிரிக்கு மேலயே திரும்பி சோலார் பேனல், கேமரா லென்ஸ் பக்கமா வரும். அளவு ரொம்பக் கம்மி, அந்தக் கம்மிய இந்தச் சூட்டு ஆட்டத்துக்குள்ள தேடணும். போதாக்குறைக்கு ஃபயர் பண்ண பண்ண சேம்பர் பிரஷர் ஏறும், அதனால சின்ன பல்ஸ்தான் குடுக்க முடியும். ஜெர்மனில கோட்டிங்கன்ல இருக்கற டிஎல்ஆர் (அவங்க விண்வெளி ஆய்வு மையம்) மாதிரி திரவ ஹீலியத்துல சுவரையே 4.2 கெல்வினுக்கு குளிர வச்சு புகையப் பிடிக்கற வசதி நமக்கு எங்க.

ஆனா டெஸ்ட் முடிஞ்சு, குளிர வச்சிருந்த சென்சார மெதுவா சூடேத்தும்போது எல்லாக் கோவமும் போயிடும். படிஞ்சது ஒண்ணொண்ணா கிளம்பும், கிராஃப்ல படிக்கட்டு படிக்கட்டா தெரியும். எம்எம்ஹெச்-என்டிஓ (மோனோமெத்தில் ஹைட்ரசீன் எரிபொருள், அத எரிக்க நைட்ரஜன் டெட்ராக்சைடு) இன்ஜின்னா தண்ணி சுமார் 150 கெல்வின் பக்கம் போயிடும், அதுக்கப்புறமும் அடம்பிடிச்சு நிக்குமே, அது எம்எம்ஹெச் நைட்ரேட் பிசுக்கு, லென்ஸுக்கு எமனே அதுதான். என்ன படிஞ்சுதுன்னு தராசே பேர் சொல்ற மாதிரி, நான் இத எதிர்பாக்கவே இல்ல.

எரியாத சொட்டு மட்டும் மேல பட்டுடக் கூடாது. ஈரமானா கிறிஸ்டல் ஆட்டமே நின்னுடும், எனக்குப் போனது அப்படித்தான். 1995ல எஸ்டிஎஸ்-74ங்கற நாசா ஸ்பேஸ் ஷட்டில் பயணத்துல ஷட்டிலோட ரோபோ கைல க்யூசிஎம் கட்டி த்ரஸ்டர் புகைய நிஜ ஸ்பேஸ்லயே அளந்திருக்காங்க, கிறிஸ்டல் மாத்தும்போதெல்லாம் அவங்க நெனப்புதான் வரும், அங்க போய் யாரு மாத்தறது.

மச்சானுக்கு: திரவ நைட்ரஜன்ல குளிர வச்சா உன் புகைல ஹைட்ரஜனும் நைட்ரஜனும் ஒட்டாது, அமோனியாதான் தெரியும். ஷட்டர் (கிறிஸ்டல மூடற மூடி) இல்லாத மாடல் தொடவே தொடாத. மத்தபடி நான் 5க்கு 2 ஸ்டார்தான் குடுப்பேன், இன்னிக்கு காலைல கூட அந்த கிராஃப் எகிறிச்சு.