மீன் பொரிக்கும் மாவில் பீருக்குப் பதில்: ஆல்கஹால் இல்லாத பீரா, கோலி சோடாவா?

அளவு இரண்டுக்கும் ஒன்றே: மைதா 100 கிராம், அரிசி மாவு 50 கிராம், உப்பு, மிளகாய்த்தூள், நன்றாகக் குளிர்ந்த பீரோ சோடாவோ 180 மில்லி.

விலை: சோடா மதுரையில் பெட்டிக்கடையிலேயே மலிவாகக் கிடைக்கும். பன்னீர் சோடா வேண்டாம், இனிக்கும். பீர் டின் பல மடங்கு விலை.

நிறம்: சோடா மாவு வெளிறியே இருக்கும். பீரில் மால்ட் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் சிவக்கும். எண்ணெய் 180 டிகிரியைத் தாண்டினால் மேலே கருகும், உள்ளே மீன் வேகாது. ஆப்பசோடாவும் சேர்த்தால் இன்னும் கருக்கும்.

மொறுமொறுப்பு: பெரிய வித்தியாசமில்லை. அசல் பீரில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மாவை உலர்த்தும். இந்த இரண்டிலும் அந்த அளவுக்கு ஆல்கஹால் கிடையாது. அந்தக் குறையை அரிசி மாவுதான் ஈடுகட்டுகிறது, அதைக் குறைக்காதீர்கள். கட்டி தெரிந்தாலும் அதிகம் கலக்காதீர்கள். வாயு போய், மேல்மாவு ரப்பராக இழுக்கும்.

சுவை: பீரில் லேசான கசப்பு, விரால் துண்டுக்குப் பொருந்தும். வாழைக்காய், வெங்காய பஜ்ஜிக்கு அது வீண் செலவு, கடலை மாவில் சோடாவே போதும்.

துளி ஆல்கஹாலும் கூடாது என்பவர்கள் சோடாவையே எடுங்கள்; ‘ஆல்கஹால் இல்லாத’ பீர் சிலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கும்.