சவாரிக்கும் சைக்கிளுக்கும் ஒரு அக்சன் கமரா: போட்டோவுக்கு உதவுமா?

எங்கள் விளையாட்டுக் கழகத்துத் தம்பி ஒருவன் போன கிழமை போன் எடுத்தான். "அண்ணை, நீங்கள் வைச்சிருக்கிற அக்சன் கமரா மொடல் இப்ப விலை இறங்கிட்டுதாம். வாங்கினால் வீடியோவுக்கு வீடியோவும் ஆச்சு, போட்டோவுக்குப் போட்டோவும் ஆச்சு, என்ன?" ஓம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அந்த 'போட்டோவுக்குப் போட்டோவும்' என்ற இடத்தில்தான் எனக்கு ஏறிவிட்டது. விளக்கமாக எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அக்சன் கமரா என்றால் சைக்கிளிலோ தலைக்கவசத்திலோ பூட்டி எடுக்கிற சின்னக் கமரா. கம்பனிப் பெயர் சொல்லப்போவதில்லை. நான் புறுபுறுக்கப்போகிற விசயம் இந்த வகைக் கமரா அநேகமாக எல்லாவற்றுக்கும் பொது. 4கே வீடியோ, 10 மீற்றர் வரை தண்ணீருக்குள் தாங்கும், ஆட்டத்தை அடக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதையெல்லாம் விட்டுவிடுவோம்.

என் பிரச்சினை தூரம். இந்த லென்ஸின் பார்வை பழைய பிலிம் கமராக் கணக்கில் 16 மில்லிமீற்றர் அளவில் வரும். கையில் இருக்கிற போனின் பிரதான லென்ஸ் 24, 26 என்று இருக்கும். இந்த எண் குறையக் குறையப் பார்வை அகலும், ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். எண்ணில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லாதது மாதிரி இருக்கும். இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் சைக்கிள் ஓடிப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், மற்றப் பக்கம் பச்சை, கட்டின் மேல் பெடியள் வரிசையாக மிதித்து வருகிறார்கள். இறங்கி நின்று ஆசையோடு எடுத்தால் படத்தில் முக்கால்வாசி வானமும் கிரவலும். பெடியள் நடுவில் புள்ளிகளாக நிற்பார்கள். பெருப்பித்துப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் ஒரு மங்கல். பெரிதாக்கும் வசதி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், அது படத்தை வெட்டித்தான் பெரிதாக்குகிறது. உள்ளே அசைகிற லென்ஸ் ஒன்றும் கிடையாது.

மயிலும் அப்படித்தான். யானை இன்னும் மோசம். இந்தக் கமராவில் யானை பெரிதாகத் தெரியுமளவுக்குக் கிட்டப் போனால், பிறகு அந்தப் படத்தைப் பார்க்க எடுத்த ஆள் இருக்கமாட்டார்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுகிற ஒன்று: இந்த வகைக் கமராவே போட்டோவுக்காகத்தான் பிறந்தது. 2004இல் கோப்ரோ என்ற கம்பனி விற்ற முதல் கமரா 35 மில்லிமீற்றர் பிலிம் போட்டு எடுப்பது. வீடியோவே இல்லை. அலைச்சறுக்கு விளையாடுபவர் கையில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் வருகிற கூட்டாளியைப் படம் எடுப்பதற்காகச் செய்தது. அதாவது கை எட்டும் தூரம். அன்றைக்கு இருந்த அந்தத் தூரக் கணக்குத்தான் இன்றைக்கும்.

கிட்டப் போய் எடுக்கவேண்டியதுதானே என்பான் தம்பி. கரப்பந்து மைதானத்தில் எப்படிக் கிட்டப் போவது? கமராவை வலைக் கம்பத்தில் பூட்டிவிட்டு, தள்ளி நின்று போன் மூலம் இயக்கிப் பார்த்தேன். போன் திரையில் வருகிற காட்சி உண்மையான ஆட்டத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அடிக்கிறவன் துள்ளுவதைத் திரையில் கண்டு அழுத்தினால், படத்தில் அவன் தரையில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டிருப்பான். அரைச் செக்கனுக்கு ஒரு படம் தானாக எடுக்கும் முறையை வைத்தால், பந்து அந்த அரைச் செக்கனுக்குள் வலையைக் கடந்து மண்ணில் விழுந்துவிடும். குரலால் கட்டளை கொடுக்கலாமாம். சுற்றி நிற்கிற சனம் "அடியடா" என்று கத்தும்போது கமராவுக்கு என் குரல் எங்கே கேட்கப்போகிறது?

அப்புறம் எல்லோரும் சொல்லுகிற வழி: வீடியோ எடு, பிறகு அதில் ஒரு காட்சியை நிறுத்திப் போட்டோவாக எடு. கணக்குச் சரி. 4கே வீடியோவின் ஒரு சட்டகம், அதாவது வீடியோவுக்குள் இருக்கிற ஒரு தனிப் படம், 8 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். ஏ4 தாளில் தெளிவாக அச்சடிக்கக் காணும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வீடியோ ஓட்டமாகத் தெரியவேண்டுமென்றால் செக்கனுக்கு 30 சட்டகம் எடுக்கும்போது ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம், 1/60 செக்கன் அளவில் இருக்கவேண்டும். அந்த வேகத்தில் ஓடுகிறவனின் கையும் காலும் தேய்ந்துதான் விழும். அசைவில் அது நன்றாக இருக்கும், நிறுத்தினால் குழம்பு. ஷட்டரை 1/1000க்கு ஏற்றினால் நிறுத்திய படம் கத்திபோலக் கூர்மை, வீடியோ வெட்டி வெட்டி ஓடும். ஆக வீடியோவுக்கு வீடியோவும் போட்டோவுக்குப் போட்டோவும் ஒரே ஓட்டத்தில் கிடையாது தம்பி. எது வேண்டும் என்று பூட்டுவதற்கு முன்னமே முடிவெடுக்கவேண்டும்.

எங்கள் வெயில் இதில் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இதன் லென்ஸ் துவாரத்தைச் சுருக்க முடியாது. வெளிச்சம் கூடினால் ஷட்டரை வேகமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பங்குனி வெயிலில் மத்தியானம் எடுத்தால் எல்லாம் உறைந்து நிற்கும். போட்டோவுக்கு நல்லது, வீடியோவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி வடிகட்டி வாங்கவேண்டும். பொழுது பட்டால் தலைகீழ். உள்ளே படத்தைப் பதிகிற சென்சர் சின்னன், வெளிச்சம் போதாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரவில் கொண்டுபோய் எடுத்ததெல்லாம் மணல் தூவினமாதிரிப் பொரிப்பொரியாக வந்தது. போனின் இரவு முறை அதைவிட எவ்வளவோ மேல். வெயிலில் முக்காலியில் அசையாமல் வைத்தால் சூடேறித் தானே நின்றுவிடும் குணமும் உண்டு. ஓடுகிற வாகனத்தில் காற்றுப் படும்போது அந்தத் தொல்லை இல்லை.

சரி, இவ்வளவு திட்டிவிட்டேன். இனி மாட்டுவண்டிச் சவாரி.

சவாரித் திடலில் வேலிக்கு வெளியே நின்று எடுத்தால் மேலே சொன்ன கதைதான்: புழுதி, புழுதிக்குள் இரண்டு புள்ளி. வண்டிலிலேயே பூட்டுவோமா என்று தெரிந்த ஒரு ஐயாவிடம் கேட்டேன். அவர் விடவில்லை. "தம்பி, உந்தச் சிவப்பு லைற் மினுக்கினால் மாடு மருளும். உன்ர கமராவுக்காக நான் விழேலாது." நியாயமான பேச்சு. மெனுவுக்குள் போய் லைற்றுகளை எல்லாம் அணைத்தேன், பீப் சத்தத்தையும் நிறுத்தினேன். மாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மாடு ஒரு தரம் மணந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சம்மதம். நுகத்துக்குப் பின்னால் உள்ள மரத்தில், ஓட்டுகிறவரைப் பார்க்கிறமாதிரி பூட்டி, கழன்றாலும் விழாமல் இருக்க மெல்லிய கம்பியால் ஒரு கட்டும் போட்டேன். ஷட்டர் 1/1000, அரைச் செக்கனுக்கு ஒரு படம்.

வந்தவற்றில் பெரும்பாலானவை சரிந்த வானமும் மாட்டு வாலும். ஒன்று மட்டும் வேறு. ஐயா முன்னுக்குச் சரிந்து, சாரத்தை மடித்துக் கட்டியபடி, கயிற்றை இடக்கையில் முறுக்கிப் பிடித்திருக்கிறார். வலக்கைத் தடி தலைக்கு மேலே. வாய் திறந்தபடி, கீழ்ப்பல்லில் வெற்றிலைக் காவி. அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு மண்கட்டி காற்றில் நிற்கிறது. பின்னால் போட்டி வண்டிலின் மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு பக்கமும் சனம் முழுக்க, ஒரு ஆளும் வெட்டுப்படவில்லை. பெரிய லென்ஸ் வைத்திருக்கிற எந்தப் படப்பிடிப்பாளரும் அந்த இடத்தில் இருந்து இதை எடுக்க ஏலாது. ஐயாவின் முகத்துக்கும் கமராவுக்கும் இடையில் ஒரு பாகத் தூரம்கூட இல்லை. நான் திட்டின அதே 16 மில்லிமீற்றர் இல்லாவிட்டால் இந்தப் படம் இல்லை.

ஐயா அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு கோபக்காரனோ நான்?" என்றார். பிறகு கிளிநொச்சியில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறார். வருகிற ஆட்களுக்கு அதைக் காட்டாமல் தேத்தண்ணி கொடுப்பதில்லை.

கிரவல் றோட்டுப் புழுதியைப் பற்றி ஒரு சொல். பற்றரி மூடியைச் சுற்றி இருக்கிற இறப்பர் விளிம்பில் செம்புழுதி போய் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் நறநறக்கும். அதோடு தண்ணீரில் இறக்கினால் 10 மீற்றர் வேண்டாம், ஒரு அடியிலேயே உள்ளே ஒழுகிவிடும். முல்லைத்தீவுக் கடலில் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். முன் கண்ணாடி கல்லுப்பட்டுக் கீறுப்பட்டது. அது தனியாகக் கழற்றி மாற்றுகிற கண்ணாடி என்றபடியால் பெரிய செலவில்லை.

தம்பி, இப்ப உன்ரை கேள்விக்கு வருவோம். வாங்காதே. கழகத்துக்குப் போட்டோ வேண்டுமென்றால் அந்தக் காசுக்கு லென்ஸ் மாற்றிப் பூட்டுகிற பழைய டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றும், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டுகிற 55-250 மில்லிமீற்றர் லென்சும் பார். மைதானத்து அந்தத்தில் நின்றே அடிக்கிறவனின் புருவம் வரைக்கும் எடுக்கலாம். வீடியோவுக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

என்னுடையதை விலைக்குத் தருவீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதே. வருகிற பட்டிப்பொங்கல் சவாரிக்கு இந்த முறை மாட்டின் முகத்தைப் பார்க்கிறமாதிரிப் பூட்டலாமா என்று ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். யோசிச்சுச் சொல்லுகிறேன் என்றிருக்கிறார்.